மாவும் சட்டையும்

(கஸ்ஸான் கனஃபானியின் 'களவாடப்பட்ட சட்டை' சிறுகதையை முன்வைத்துச் சில குறிப்புகள்)

1

நாம் கோப்பை கழுவுகிற ரெஸ்ரோரண்டுக்குக் கிழமையில் இரண்டு நாள் மா வரும். இருபத்தைந்து கிலோ மூட்டைகள். லொறிக்காரன் பின்வாசலில் இறக்கிவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவான். அங்கிருந்து நிலக்கீழ் அறைக்குப் பன்னிரண்டு படி. தோளில் சுமந்து இறக்குவது எமது பொறுப்பு. மூட்டை கிழிந்து சிந்தினால் கூட்டி அள்ளிக் குப்பைக்குள் கொட்டுவோம். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

2024 பெப்ரவரி 29 இற்குப் பிறகு சில கிழமைகள் அந்த மூட்டையைத் தோளில் ஏற்றுவது எமக்குச் சிரமமாக இருந்தது. அன்று விடியப்புறம், காஸா நகரின் தென்மேற்கே, கடற்கரையோரமாகப் போகும் ரஷீத் வீதியில் மா லொறிகளுக்காகக் காத்திருந்த சனத்தின்மீது சூடு விழுந்தது. நூறுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். நெரிசலிலும் லொறிகளின் கீழ் அகப்பட்டும்தான் பெரும்பாலானோர் இறந்தார்கள் என்றது இஸ்ரேல் இராணுவம். மறுநாள் ஷிஃபா மருத்துவமனைக்குப் போன ஐ.நா. குழு, காயப்பட்டுக் கிடந்தவர்களில் ஏராளமானோரின் உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் கண்டது. அந்தச் சனம் தூக்கிக்கொண்டு ஓட முயன்றதும் இதேமாதிரியான மா மூட்டைதான்.

அந்த நாட்களில்தான் கனஃபானியின் இந்தக் கதையைத் திரும்ப எடுத்து வாசித்தோம். யாழ்ப்பாணத்தில், முடிக்காமல் விட்டுவந்த பல்கலைக்கழகப் படிப்பின் இரண்டாம் வருடத்தில், ஒரு நண்பர் தந்த ஆங்கிலப் போட்டோப் பிரதியில் முதன்முறை வாசித்தது. அப்போது அதை ஒரு நல்லொழுக்கக் கதையாகவே விளங்கிக்கொண்டோம். இம்முறை அப்படி வாசிக்க முடியவில்லை. இங்கே 'நாம்' என்று எழுதுவது இதை எழுதும் ஒருவரை மட்டும் குறிப்பதல்ல. வேலை முடிந்து கடைசி மெற்றோவில் ஒன்றாகத் திரும்பும் நாலைந்து பேரும் அதில் அடக்கம். இக்கதையைப் பற்றிப் பல இரவுகள் எமக்குள் வாக்குவாதப்பட்டிருக்கிறோம். அதில் பாதியாவது இங்கே வந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

2

கனஃபானியைப் பற்றி இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 1936 இல் அக்கா நகரில் பிறந்தவர். 1948 இல் குடும்பத்தோடு துரத்தப்பட்டு லெபனானுக்கும் பின்னர் டமஸ்கஸுக்கும் போனவர். பலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியின் பேச்சாளராக இருந்தவர். 1972 ஜூலை 8 இல் பெய்ரூத்தில் காரில் வைக்கப்பட்ட குண்டினால் தமக்கையின் மகளோடு சேர்த்துக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 36 வயது. எமது விடயத்துக்கு முக்கியமான ஒரு தகவல், அவர் டமஸ்கஸில் அகதிப் பிள்ளைகளுக்கான ஐ.நா. பாடசாலையில் ஆசிரியராக இருந்தார் என்பது. நிவாரணம் வாங்கும் வரிசையையும் நிவாரணம் கொடுக்கும் நிறுவனத்தையும் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர். 'களவாடப்பட்ட சட்டை'யை 1958 இல், இருபதுகளின் தொடக்கத்தில், எழுதினார்.

கதை மிகச் சிறியது. அகதி முகாமில் மழை கொட்டுகிறது. அபூ அல் அப்த் என்பவன் மண்வெட்டியோடு நின்று, வெள்ளம் கூடாரத்துக்குள் போகாமல் வாய்க்கால் வெட்டுகிறான். உள்ளே மனைவியும், குளிரில் நடுங்கும் சிறு மகன் அப்துர் ரஹ்மானும். வேலை கிடைத்ததா என்ற கேள்விக்குப் பயந்துகொண்டே அவன் மழையில் நிற்கிறான். அப்போது அபூ சமீர் வருகிறான். அவனும் அகதிதான். நிவாரண நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து மா மூட்டைகளைக் கடத்தி விற்கலாம், நீயும் சேர் என்கிறான். நிறுவனத்தில் வேலைசெய்யும் பொன்னிறத் தலைமயிர் அமெரிக்கன் ஒருவனும் இதில் பங்காளி. அபூ அல் அப்தின் மனதில் ஆசை எழுகிறது. மகனுக்கு ஒரு புதுச் சட்டை வாங்கலாம். ஆனால் பேச்சுப் போகப்போக வேறொன்று விளங்குகிறது. மாதாமாதம் மா விநியோகம் நாட்கணக்கில் பிந்துவதற்குக் காரணமே இந்தக் களவுதான். முகாம் முழுவதும் பசியோடு காத்துக்கிடந்த அந்த நாட்கள் அவன் கண்முன் வருகின்றன. மண்வெட்டியை ஓங்கி அபூ சமீரின் தலையில் அடிக்கிறான். மனைவி வந்து உடலிலிருந்து அவனைப் பிரித்து இழுக்கிறாள். கடைசியில் மகனை அணைத்துக்கொண்டு அழுகிறான். புதுச் சட்டைக்கு மகன் சிரிப்பதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அப்போதும் அவனைவிட்டுப் போகவில்லை.

தன் பிள்ளையின் சட்டையைவிட ஊரின் பாண் பெரிது என்று ஒரு ஏழை எடுத்த முடிவு. பொதுவாக இக்கதையை இப்படித்தான் வாசிப்பார்கள். அந்த வாசிப்பு பிழையென்று நாம் சொல்லவில்லை. அது போதாது என்றுதான் சொல்கிறோம்.

3

முதலாவது கேள்வி: அடி யாருக்கு விழுகிறது? களஞ்சியத்தின் கதவைத் திறந்துவிடுகிற அமெரிக்கன் கதைக்குள் ஒருமுறைகூட நேரில் வருவதில்லை. அபூ சமீரின் வாயினூடாக மட்டுமே அவனை அறிகிறோம். மழையில் நனைவது இரண்டு அகதிகள். கொல்வதும் ஒரு அகதி, சாவதும் ஒரு அகதி. எம்மில் ஒருவர் இதைக் கதையின் குறையென்று வாதாடினார். கோபத்தைத் திசைதிருப்பிவிட்டார் கனஃபானி, அடிபட வேண்டியவன் தப்பிவிட்டான் என்பது அவரது குற்றச்சாட்டு. நாம் இதை ஏற்கவில்லை. மண்வெட்டிக்கு எட்டுகிற தூரத்தில் நிற்பவன் எப்போதும் பக்கத்துக் கூடாரத்துக்காரன்தான். அதை மறைக்காமல் எழுதியதுதான் கதையின் பலம்.

இரண்டாவது கேள்வி தலைப்பைப் பற்றியது. கதையில் களவுபோவது மா. சட்டை எதுவும் களவு போகவில்லை. இல்லாத சட்டையை யார் களவெடுக்க முடியும்? இருந்தும் கனஃபானி தலைப்பில் சட்டையைத்தான் வைத்தார். மா குறைந்தால் கணக்கில் தெரியும். ஒரு தகப்பன் உழைத்து, கடைக்குப் போய், நிறம் பார்த்து, மகனுக்கு ஒரு சட்டை வாங்கும் உரிமை குறைந்தால் எந்தக் கணக்கிலும் தெரியாது. அதைக் களவெடுத்தது அபூ சமீர் அல்ல. 1948 இல் வீட்டையும் தோட்டத்தையும் ஊரையும் பறித்தபோதே அந்தச் சட்டையும் போய்விட்டது. கதைக்குள் நடக்கும் மாக் களவு, அதற்கு முன்பே நடந்த பெரிய களவின்மேல் நடக்கும் சின்னக் களவு.

இக்கதையில் எமக்கு உண்மையான மனக்குறை ஒன்று உண்டு. அந்த மனைவி. அவளை நாம் பெரும்பாலும் அவனுடைய பயத்தினூடாகவே பார்க்கிறோம். அவள் கேட்கப்போகும் கேள்வி அவனுக்குப் பாரம். அவளுக்கு அது என்னவென்று கதை கேட்பதில்லை. மா மூட்டை வந்தால் அதைப் பாணாக்குவது அவள்தான். வராவிட்டால் பிள்ளைக்குச் சமாதானம் சொல்வதும் அவள்தான். பின்னர் 1969 இல் 'உம் சஅத்' என்ற நாவலில் முகாமில் வாழும் ஒரு உழைக்கும் பெண்ணைக் கனஃபானி நடுவில் வைத்தார். 1958 இல் விட்ட குறையை அவரே உணர்ந்திருக்கக்கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது.

4

கதையில் வரும் அந்த 'நிறுவனம்' எது என்று வாசகர்களுக்கு விளங்கும். 1949 டிசம்பர் 8 இல் ஐ.நா. பொதுச்சபை 302 ஆம் இலக்கத் தீர்மானத்தால் உருவாக்கி, 1950 மே மாதம் வேலையைத் தொடங்கிய உன்ர்வா. நிவாரணம், வேலை என்ற இரண்டு சொற்களும் அதன் பெயரிலேயே உண்டு. அன்று ஏறத்தாழ ஏழரை இலட்சம் அகதிகளுக்காகத் தற்காலிகமாகத் தொடங்கியது. இன்று பதிவிலுள்ளவர்கள் ஐம்பத்தொன்பது இலட்சம் வரை. காஸாச் சனத்தில் ஏறக்குறைய பத்துக்கு ஏழுபேர் அகதிகளாகப் பதியப்பட்டவர்கள். மாவும் எண்ணெயும் மட்டுமல்லாமல் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் அந்த நிறுவனத்தினூடாகவே நடந்தன. அதில் வேலைசெய்பவர்களில் ஆகப் பெரும்பாலானோர் அதே அகதிகள்தான். குறைகள் இருந்தன. கனஃபானியின் கதையே அக்குறைகளின் மீதான விமர்சனம். ஆனால் அவர் அந்த நிறுவனத்தை மூடச் சொல்லவில்லை. அதன் பாடசாலையில் படிப்பித்தவர் அவர்.

குசினியில் வேலை செய்பவர்கள் என்றபடியால் இன்னொரு செய்தி எம்மை நீண்டநாள் அலைக்கழித்தது. 2007 இல் காஸா முற்றுகையிடப்பட்ட பிறகு, 2010 வரை, எந்தெந்தச் சாமான் உள்ளே போகலாம், போகக்கூடாது என்று இஸ்ரேல் அதிகாரிகள் தீர்மானித்தார்கள். போகக்கூடாதவற்றில் மல்லியும் இருந்தது. ஏலக்காய், இஞ்சி, ஜாம், சொக்லேற் என்பனவும் இருந்தன. கறுவா போகலாம், மல்லி போகக்கூடாது. ஆயுதம் செய்ய மல்லி உதவாது என்பது சமைக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். அவசியமானது எது, ஆடம்பரம் எது என்ற கணக்கு அது. உயிரைப் பிடித்துவைக்க மா போதும், மல்லி ஆடம்பரம். கனஃபானியின் சட்டையும் இந்தப் பட்டியலில்தான் சேரும்.

2008 இல் இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சின் அதிகாரிகள் ஓர் ஆவணம் தயாரித்தார்கள். காஸாவில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,279 கலோரி. அதற்கு நாளொன்றுக்கு 106 லொறி. கீஷா என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு நீதிமன்றம்வரை போய் வழக்காடி 2012 இல் இதை வெளியே கொண்டுவந்தது. அது வெறும் வரைவு, நடைமுறைக்கு வரவில்லை என்பது அமைச்சின் பதில். நாம் ஒருநாள் இடைவேளையில் மா மூட்டையை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். இருபத்தைந்து கிலோ மா ஏறக்குறைய 87,500 கலோரி. ஒருவருக்கு 38 நாள். எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு ஐந்து நாள்கூடக் காணாது. அதுவும் மாவை மட்டுமே தின்றால். தண்ணீர், விறகு அல்லது காஸ், உப்பு, புளிக்கவைக்க ஈஸ்ற், குந்தியிருந்து குழைக்க ஓர் இடம், இவை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. மா பாண் ஆவதற்கு என்னென்ன வேண்டுமென்பதைக் குசினியில் நிற்பவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

5

2023 ஒக்டோபர் 7 இல் ஹமாஸும் ஏனைய ஆயுதக் குழுக்களும் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்றார்கள். இருநூற்றைம்பது பேர்வரை பணயமாகப் பிடித்துச் சென்றார்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பொதுசனம். அதை நியாயப்படுத்த எம்மிடம் வார்த்தை இல்லை, தேடவும் மாட்டோம். ஆனால் இரண்டு நாள் கழித்து இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சர் முழு முற்றுகையை அறிவித்தார். மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட சனத்துக்கு, அதில் பாதிக்குக் கிட்டவானோர் பிள்ளைகள், தண்டனை பாணில் விழுந்தது. அதற்கு முன்பு வேலைநாளொன்றுக்கு 500 லொறிவரை உள்ளே போய்வந்தது. முற்றுகைக்குப் பிறகு ஒக்டோபர் 21 இல் ரஃபா வாசலால் முதன்முதலாகப் போனவை இருபது லொறிகள்.

2024 ஜனவரி 26 இல் ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம், மனிதாபிமான உதவி சனத்தைச் சென்றடைய உடனடியாக வழிசெய்யும்படி இஸ்ரேலுக்கு உத்தரவிட்டது. அதே நாளில்தான் இன்னொன்றும் வெளிவந்தது. உன்ர்வா ஊழியர்களில் பன்னிரண்டு பேருக்கு ஒக்டோபர் 7 தாக்குதலில் பங்குண்டு என்ற இஸ்ரேலின் குற்றச்சாட்டு. விசாரணை முடியுமுன்பே அமெரிக்காவும் பல மேற்கு நாடுகளும் நிறுவனத்துக்கான காசை நிறுத்தின. பின்னர் ஐ.நா. விசாரணை நடந்தது. ஒன்பது பேர் சம்பந்தப்பட்டிருக்கலாம் என்று அவர்கள் வேலையிலிருந்து விலக்கப்பட்டார்கள். காஸாவில் அந்த நிறுவனத்தில் வேலை செய்தவர்கள் ஏறக்குறைய 13,000 பேர். ஒன்பது பேருக்காகக் களஞ்சியத்துக்கு வரும் காசை நிறுத்துவது எந்த நியாயத்தில் சேரும்? பல நாடுகள் சில மாதங்களில் திரும்பக் கொடுக்கத் தொடங்கின. அமெரிக்கா தொடங்கவில்லை. 2024 ஒக்டோபரில் இஸ்ரேல் நாடாளுமன்றம் உன்ர்வாவைத் தடுக்கும் சட்டங்களை நிறைவேற்றியது.

வாசலைத் திறக்க மனமில்லாதவர்கள் வேறு வழிகளைக் கண்டுபிடித்தார்கள். விமானத்திலிருந்து பொதிகளைப் போட்டார்கள். 2024 மார்ச் 8 இல் பரசூட் சரியாக விரியாத பொதி விழுந்து ஷாத்தி முகாமருகே ஐந்து பேர் செத்தார்கள். அமெரிக்கா 23 கோடி டொலர் மதிப்பீட்டில் கடலில் மிதக்கும் துறை கட்டியது. அது மே மாதம் திறந்து, கடல் கொந்தளிப்பில் உடைந்து, மொத்தம் இருபது நாளளவில்தான் வேலை செய்து, ஜூலையில் கழற்றப்பட்டது. தரையில், லொறிகள் வரிசையில் நின்றன. ஏப்ரல் 1 இல் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற அமைப்பின் ஏழு ஊழியர்கள் டெய்ர் அல் பலாவில் இஸ்ரேல் விமானத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். சமைத்த சாப்பாடு கொடுக்கும் அமைப்பு அது. எம்மைப் போலக் குசினிக்காரர். தவறு நடந்துவிட்டது என்றது இராணுவம்.

2025 மார்ச் 2 இலிருந்து பதினொரு கிழமை உள்ளே ஒன்றும் போகவிடப்படவில்லை. ஏப்ரல் 1 அளவில் உலக உணவுத் திட்டத்தின் ஆதரவில் இயங்கிய 25 பேக்கரிகளும் மாவும் எரிபொருளும் இல்லாமல் மூடப்பட்டன. மே கடைசியில், ஐ.நா.வை ஒதுக்கிவிட்டு, அமெரிக்க இஸ்ரேல் ஆதரவோடு 'காஸா மனிதாபிமான நிதியம்' என்ற பெயரில் புதிய ஏற்பாடு தொடங்கியது. முன்பு நானூறு விநியோக நிலையங்கள் இருந்த இடத்தில் இப்போது நான்கு. அவை இராணுவப் பிரதேசத்துக்குள். சனம் மைல்கணக்கில் நடந்து வரவேண்டும். கிடைத்த பெட்டியில் மாவும் பருப்பும் பாஸ்ராவும். அவிக்கத் தண்ணீருமில்லை, அடுப்புமில்லை. மே 27 இலிருந்து ஜூலை 31 வரை சாப்பாடு தேடிப்போன 1,373 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கணக்குச் சொன்னது. 859 பேர் அந்த நிலையங்களுக்கருகில், 514 பேர் லொறிகள் வரும் பாதைகளில். எச்சரிக்கை வெடிதான் வைத்தோம் என்றது இராணுவம். எண்ணிக்கை பொய் என்றது நிதியம். ஓகஸ்ட் 22 இல், உணவு நெருக்கடியை அளவிடும் சர்வதேச அமைப்பு காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக அறிவித்தது. இஸ்ரேல் அதையும் மறுத்தது. ஒக்டோபர் 10 இல் போர்நிறுத்தம் வந்தது. அடுத்த மாதம் அந்த நிதியம் தன் வேலையை முடித்துக்கொண்டது.

6

இத்தனைக்கும் நடுவில் எமது தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது என்ன? லொறியின்மேல் ஏறிச் சூறையாடும் இளைஞர்கள். 2024 நவம்பர் 16 இல் 109 லொறிகள் கொண்ட தொடரணி ஒன்று கேரம் ஷாலோம் வாசலைத் தாண்டியதும் ஆயுதக் கும்பலிடம் மாட்டி, மிகப் பெரும்பாலான லொறிகள் பறிபோயின. உண்மை. காஸாவுக்குள் மாவைப் பதுக்கியவர்களும் பசியில் வியாபாரம் செய்தவர்களும் இருந்தார்கள். அதுவும் உண்மை. அவர்கள் அபூ சமீர்கள். ஆனால் ஐந்நூறு லொறி போகவேண்டிய இடத்துக்கு ஐம்பது போனால், ஒரு மூட்டை மா தங்க விலை பெறும். தங்க விலை பெறும் பொருளுக்கு ஆயுதக் கும்பல் வரும். வாசல் அகலத் திறந்திருந்தால் மா மூட்டைக்காக யார் துவக்குத் தூக்குவான்? கும்பல் ஒன்றுக்கு ஆயுதம் கொடுத்து உதவியதை 2025 ஜூனில் இஸ்ரேல் பிரதமரே ஒப்புக்கொண்டார். 1958 இல் கனஃபானி எழுதிய பொன்னிறத் தலைமயிர்க்காரனை எமக்கு நினைவுபடுத்த இதைவிட என்ன வேண்டும்? அவன் அப்போதும் காட்சிக்குள் வருவதில்லை. காமெரா அபூ சமீரைத்தான் பார்க்கிறது.

7

இனி எம்மைப் பற்றி. இதைத் தவிர்த்துவிட்டு இக்கட்டுரையை முடிப்பது நேர்மையில்லை.

பலஸ்தீனம் எமக்குப் புதிய பெயரல்ல. 1981 இல் எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' ஒரு தலைமுறையின் கைகளில் இருந்தது. எமது இயக்கங்கள் சில லெபனானில் பலஸ்தீனர்களிடம் பயிற்சி பெற்றன. எமது ஊர்களில் குண்டுபோட்ட கிபீர் விமானங்களை விற்றது இஸ்ரேல். இவ்வளவு இருந்தும் 2023 இற்குப் பிறகு புகலிடத்தில் எம்மவர்கள் பலர் சொன்னது, "எங்களுக்கு யார் வந்தவை?" என்பது.

அந்தக் கேள்வியின் வலி எமக்கு விளங்கும். 2008 செப்டெம்பரில் வன்னியைவிட்டு ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் வெளியேறச் சொல்லப்பட்டு வெளியேறின. போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று மன்றாடியது. 2009 தொடக்கத்தில் உள்ளே எழுபதாயிரம் பேர்தான் என்று அரசு கணக்குக் காட்டியது. உணவும் அந்தக் கணக்குக்கே. போர் முடிந்து முட்கம்பிக்குள் வந்து சேர்ந்தவர்கள் மூன்று இலட்சத்துக்குக் கிட்ட. அந்த ஏப்ரலில் பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மாரும் குழந்தைகளும் ஷெல் விழுந்து செத்தார்கள். ரஷீத் வீதியின் படங்களைப் பார்த்தபோது எம்மில் ஒருவர் எழும்பி வெளியே போய் நின்றது இதனால்தான். அவருக்கு அப்போது பதினெட்டு வயது. தங்கச்சிக்குப் பால்மா வாங்க வேறொரு நாள், வேறொரு வரிசையில் நின்றவர்.

அப்படியானால் நாம்தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியவர்கள். அன்று சனத்தைக் குறைத்துக் கணக்குக் காட்டியவன் அரசு. அதே சனம் வெளியேற முயன்றபோது துவக்கை நீட்டி மறித்தவர்கள் எமது பெயரால் போராடியவர்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் வன்னியைப் பற்றிப் பேச எமக்கு உரிமையில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்துத் துரத்தியபோது, சந்தியில் மறித்து அவர்களின் காசையும் நகையையும் பறித்தவர்கள் யார்? புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வருடக்கணக்காகக் கூப்பன் அரிசி வாங்கி வாழ்ந்த அந்தப் பிள்ளைகளின் சட்டையைக் களவெடுத்தவர்கள் யார்? கனஃபானியின் கதையில் நாம் எப்போதும் அபூ அல் அப்தின் பாத்திரத்தை எடுத்துக்கொள்ள முடியாது. திறப்பு எமது கையில் இருந்த நாட்களும் உண்டு.

இன்னொன்று. இங்கிருந்து நாம் ஊருக்கு அனுப்பும் உதவியையும் ஒருமுறை பார்ப்போம். பிள்ளையின் பிறந்தநாளை முன்னிட்டு உலருணவுப் பொதி. பொதியைப் பிடித்தபடி ஒரு தாய் நிற்க, பக்கத்தில் கொடுத்தவரின் பெயர் எழுதிய பதாகை. அந்தத் தாயின் முகத்தைப் பாருங்கள். அவர் பதாகையையும் பார்க்கவில்லை, காமெராவையும் பார்க்கவில்லை. பொதிக்குள் மா உண்டு, பருப்பு உண்டு, சீனி உண்டு. படம் எடுக்காமல் கொடுத்திருந்தால் இன்னொன்றும் உள்ளே இருந்திருக்கும். உதவி செய்யவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பசித்தவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும், கேள்வி கேட்காமல் கொடுக்கவேண்டும். அதை வாங்குகிறவர் ஒரு வாய் மட்டுமல்ல என்பதை மறந்து கொடுக்கும்போதுதான் மா மூட்டையைக் கொடுத்த அதே கை சட்டையைக் களவெடுத்துவிடுகிறது.

8

காஸாச் சனத்துக்கு என்ன வேண்டும் என்று எம்மைக் கேட்டால், நிபுணர்களின் அறிக்கைகளில் உள்ளவைதான். எல்லா வாசல்களும் திறக்கவேண்டும். அரசியல் பேரத்தில் மாவைப் பணயம் வைக்கக்கூடாது. விநியோகம் சனத்துக்குப் பழக்கமான, சனத்துக்குப் பதில் சொல்லவேண்டிய நிறுவனங்களின் கையில் இருக்கவேண்டும், துவக்கின் கையில் அல்ல. தண்ணீர்க் குழாயும் பேக்கரியும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் திரும்பக் கட்டப்படவேண்டும். மீனவர் கடலுக்கும் கமக்காரர் வயலுக்கும் போகவேண்டும். கடைசியாகச் சொன்னது நடந்தால் முதலில் சொன்ன பலவற்றுக்கு இவ்வளவு தேவை இராது. ஒலிவ் மரமும் கடலும் உள்ள ஒரு சனம் பெட்டிக்குள் வரும் பருப்புக்கு வரிசையில் நிற்கவேண்டும் என்று எந்த விதியும் எழுதிவைக்கவில்லை.

கனஃபானி அந்தக் கதையை எழுதி அறுபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அப்துர் ரஹ்மான் உண்மையில் இருந்திருந்தால் இன்று எழுபதைத் தாண்டிய கிழவர். அவருடைய பேரப்பிள்ளைகளும் தறப்பாளின் கீழ் மழையில் நனைந்ததை நாம் பார்த்தோம். மாவைப் பற்றி உலகம் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கத்தான் வேண்டும், பசி காத்திராது. சட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. மா வந்தது. படியில் இறக்கும்போது ஒரு மூட்டை கொஞ்சம் கிழிந்தது. வழமைபோலக் கூட்டி அள்ள வேண்டியதுதான். எம்மில் ஒருவர் தும்புத்தடியை எடுத்துவிட்டுச் சற்று நேரம் நின்றார். பிறகு வேலை தொடங்கியது.